கோட்டோர் (மாண்டினீக்ரோ): அரை நாள் போதுமா, இரவு தங்க வேண்டுமா?

நிலாமுற்றம்

வணக்கம். செப்டம்பர் கடைசியில் நானும் அம்மாவும் குரோவேஷியா போகிறோம். டுப்ரோவ்னிக்கில் தங்கல். அங்கிருந்து எல்லை தாண்டி மாண்டினீக்ரோவில் இருக்கும் கோட்டோரையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் செங்குத்தான மலை, நடுவில் மதில் சூழ்ந்த பழைய ஊர். படங்களைப் பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனசு நிற்கவில்லை.

ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் போய்வந்தால் போதுமா, இரவு தங்க வேண்டுமா? அம்மாவுக்கு 66 வயது. சமதரையில் நன்றாக நடப்பார், ஆனால் முழங்கால் வலி உண்டு. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். இருவரும் சைவம். விசா விஷயமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி

அரை நாள் தாராளம். நான் டுப்ரோவ்னிக்கிலிருந்து சுற்றுலாப் பேருந்தில்தான் போனேன். தூரம் 90 கி.மீ. அளவுதான், ஆனால் எல்லையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். சீசனில் பாதி நேரம் அங்கேயே போய்விடும்.

ஊர் ரொம்பச் சின்னது. மேற்கே கடல் வாசலில் நுழைந்து வடக்கே ஆற்று வாசலில் வெளியே வரப் பத்து நிமிஷம் போதும். ஆயுதச் சதுக்கம், மணிக்கூண்டு, புனித திரிபுன் பேராலயம், ஒரு காபி, அவ்வளவுதான். மதில் என்று பார்த்தால் டுப்ரோவ்னிக்கில் மேலேயே நடந்து ஊரை முழுக்கச் சுற்றிவரலாம். கோட்டோரில் மதில் மலைமேல் ஏறிவிடுகிறது. முழங்கால் வலியோடு அது வேண்டாம். அந்த நேரத்தையும் டுப்ரோவ்னிக்குக்கே கொடுங்கள் என்பது என் கருத்து.

கடற்பறவை

அக்கா, முதலில் விசாவைப் பார்ப்போம். இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரும் பகுதிக்குள், வந்துவிட்டது. மாண்டினீக்ரோ ஷெங்கனிலும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. பணம் மட்டும் யூரோ. ஆக, டுப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோருக்குக் கிளம்பினால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியே போகிறீர்கள். ஒரு பகல் போய்வந்தாலும் கணக்கு அதேதான். கையில் இருப்பது ஒற்றை நுழைவு விசா என்றால் திரும்பி உள்ளே வர முடியாது. விண்ணப்பிக்கும்போதே பயணத்திட்டத்தில் மாண்டினீக்ரோவைக் காட்டி, பலமுறை நுழைவு கேளுங்கள். மாண்டினீக்ரோவைப் பொறுத்தவரை, செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்கள் 30 நாள் வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம். விதி எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதால், டிக்கெட் போடும் முன் அந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், அரை நாளா முழு நாளா என்பது. நான் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தவன், கோட்டோருக்குக் கடல் வழியாக வந்திருக்கிறேன். ஏட்ரியாட்டிக் கடலிலிருந்து நேராக ஊருக்கு வந்துவிட முடியாது. போகா வளைகுடா உள்ளே உள்ளே வளைந்து போகும். நடுவில் வெரிகே என்று ஒரு நீரிணை, அதன் மிகக் குறுகிய இடம் 340 மீட்டர்தான். பெரிய கப்பல் அதற்குள் மெதுவாகத் திரும்பும்போது இரண்டு கரையிலும் வீட்டு ஜன்னலில் நிற்பவர்களின் முகம் தெரியும். அதைத் தாண்டியதும் பெராஸ்ட் ஊரும் இரண்டு குட்டித் தீவுகளும் கண்ணுக்கு வரும். பிறகு வலப்பக்கம் திரும்பி வளைகுடாவின் கடைசி மூலைக்குப் போனால் கோட்டோர். கப்பல் துறையிலிருந்து கடல் வாசல் சாலையைக் கடந்தால் போதும், அவ்வளவு பக்கம்.

ஊருக்கு இப்போது இருக்கும் தொல்லையும் அந்தப் பக்கம்தான். கப்பல் வந்த நாளில் காலை ஒன்பது பத்து மணிக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாசலில் நுழைவார்கள். சுற்றுலாப் பேருந்துகளும் அதே நேரத்துக்குத்தான் வந்து சேரும். சாயங்காலம் எல்லாரும் போய்விடுவார்கள். பேருந்தில் வந்தவர் அந்த நெரிசலை மட்டும் பார்த்துவிட்டு "சின்ன ஊர், ஒரே கூட்டம்" என்று சொல்வது நியாயம்தான், ஆனால் ஊர் அது இல்லை. எந்த நாளில் எந்தக் கப்பல் வருகிறது என்ற அட்டவணை துறைமுகத் தளத்தில் இருக்கும். அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நிலாமுற்றம்

ரொம்ப நன்றி தம்பி. ஒற்றை நுழைவு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் இரவு தங்குவதுதான் நல்லது என்கிறீர்களா?

கல்தச்சன்

அம்மா, நான் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கோட்டோர் எனக்கு மிகவும் பிடித்த ஊர். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஊர்சுற்றி டுப்ரோவ்னிக்கோடு ஒப்பிட்டது சரியான அளவுகோல் இல்லை. டுப்ரோவ்னிக்கின் மதில் ஊரைச் சுற்றி வளைத்து முடிந்துவிடுகிறது. கோட்டோரின் மதிலைக் கட்டியவர்களுக்குப் பிரச்சினையே வேறு. ஊர் மலையடிவாரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலேயிருந்து ஒருவன் கல்லை உருட்டிவிட்டாலே போதும். ஆகவே மதிலை ஊரோடு நிறுத்தாமல், முதுகுப் பக்க மலைச்சரிவையும் உள்ளே இழுத்துக்கொண்டு, சுமார் 260 மீட்டர் உயரத்தில் இருக்கும் புனித யோவான் கோட்டை வரை ஏற்றிவிட்டார்கள். மொத்த நீளம் ஏறக்குறைய 4.5 கி.மீ. சில இடங்களில் 20 மீட்டர் உயரம், தடிமன் 2 மீட்டரிலிருந்து 16 மீட்டர் வரை. வடக்கே ஷ்குர்தா ஆறு, தெற்கே குர்திச் ஊற்று, மேற்கே கடல். மூன்று பக்கமும் தண்ணீர், நாலாவது பக்கம் பாறை. இருந்த இயற்கையில் எங்கே ஓட்டை இருந்ததோ அங்கே மட்டும் கல்லை வைத்து அடைத்திருக்கிறார்கள். ஒரு கட்டடக்காரன் கண்ணோடு பார்த்தால் இதுதான் அந்த ஊரின் பெருமை.

வெனிஸ்காரர்கள் 1420 முதல் 1797 வரை ஆண்டார்கள். இன்றிருக்கும் வடிவம் பெரும்பாலும் அவர்கள் காலத்தது. 1539இல் ஒட்டோமன் கடற்படைத் தலைவர் ஹைருதீன் பார்பரோசா, வளைகுடா வாயிலில் இருக்கும் ஹெர்செக் நோவியைப் பிடித்த கையோடு கோட்டோரையும் முற்றுகையிட்டார். முடியவில்லை. அந்த வெற்றியின் நினைவாகத்தான் வடக்கு வாசல் 1540இல் எழுந்தது. 1657இல் இன்னொரு முற்றுகை, அதுவும் பலிக்கவில்லை. கடல் வாசல் 1555ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் மேல் 1944 நவம்பர் 21 என்ற தேதி பொறித்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஊர் விடுதலையான நாள் அது. கூடவே "அடுத்தவருடையது வேண்டாம், நம்முடையதைத் தரமாட்டோம்" என்ற வாசகம். உள்ளே நுழையும் அவசரத்தில் யாரும் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆனால் மதில் தடுக்க முடியாத எதிரி நிலநடுக்கம். 1563, 1667, அப்புறம் 1979 ஏப்ரல் 15, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அளவு ஏறக்குறைய 7. பழைய ஊரையே காலி செய்ய வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்து, அபாயத்தில் உள்ளவை என்ற பட்டியலிலும் வைத்தார்கள். அதிலிருந்து வெளியே வர 2003 ஆகிவிட்டது. 24 ஆண்டு வேலை. 2017இல் வெனிஸ் அரணமைப்புகள் என்ற இன்னொரு பாரம்பரியத் தொகுப்பிலும் கோட்டோரின் மதிலைச் சேர்த்தார்கள்.

இத்தனை பாடுபட்டு மீட்ட ஊரைப் பத்து நிமிஷத்தில் கடந்துவிடலாம் என்றால் மனசு கேட்கவில்லை.

ஊர்சுற்றி

சார், மரியாதையோடு ஒரு கேள்வி. 1979இல் இடிந்து மறுபடி கட்டியது என்றால், இன்று நாம் பார்ப்பது பழைய ஊரா, பழைய மாதிரி கட்டிய ஊரா? எனக்கு அங்கே நின்றபோதே அந்தச் சந்தேகம் வந்தது. கல் எல்லாம் ரொம்பச் சுத்தமாக இருந்தது.

கல்தச்சன்

நல்ல கேள்வி. இதற்கு விடை ஒவ்வொரு கட்டடத்துக்கும் வேறு.

பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1166இல் அர்ப்பணித்தது. இன்று முகப்பில் இருக்கும் இரண்டு கோபுரமும் 1667 நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுந்தவை. முதலில் இருந்த முகப்பு அன்றே போய்விட்டது. இரண்டு கோபுரத்தில் இடப்பக்கத்தது முழுமை பெறவே இல்லை, நின்று பார்த்தால் தெரியும். உள்ளே போனால் பீடத்தின் மேல் இருக்கும் 14ஆம் நூற்றாண்டுக் கல் விதானத்தைப் பாருங்கள். மெல்லிய தூண்கள், அவற்றின் மேல் அடுக்கடுக்காக ஏறும் செதுக்கல், புனிதர் திரிபுனின் வாழ்க்கைக் காட்சிகள். ஆக, 12ஆம் நூற்றாண்டு, 14ஆம் நூற்றாண்டு, 17ஆம் நூற்றாண்டு, 1979க்குப் பிந்தைய காலம், நான்கும் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. எதைப் பழையது என்பீர்கள்? ஒவ்வொரு தலைமுறையும் விழுந்ததைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அதுதான் அந்த ஊரின் பழமை.

இன்னொரு பக்கம், புனித லூக்கா தேவாலயம். 1195இல் கட்டிய சின்னக் கட்டடம். ஊரே குலுங்கியபோதும் பெரிய சேதம் இல்லாமல் நின்றது. அதற்குள் இரண்டு பீடம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில், போருக்கு அஞ்சி மலைப்பக்கத்திலிருந்து வந்த ஆர்த்தடாக்ஸ் மக்களுக்குக் கத்தோலிக்கர்கள் தங்கள் கோயிலிலேயே இடம் கொடுத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இரண்டு முறைப்படியும் வழிபாடு நடந்தது. இரண்டாவது பீடம் இன்றும் இருக்கிறது. தரையில் கல்லறைப் பலகைகள் பதித்திருக்கும், பார்த்துக் கால் வையுங்கள். உட்காரச் சொல்லி யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்களாக ஐந்து நிமிஷம் உட்காருங்கள்.

அபாயத்தைப் பற்றிக் கேட்டால், நிலநடுக்கத்தைவிட இன்று எனக்குப் பயம் கொடுப்பது வேறு. மதிலுக்குள் குடியிருந்தவர்கள் வீட்டை விடுதியாக மாற்றிவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். மாவுச் சதுக்கம், பால் சதுக்கம், கீரைச் சதுக்கம் என்று அங்கே விற்ற பொருளை வைத்துத்தான் சதுக்கங்களுக்குப் பெயர். இப்போது எல்லாவற்றிலும் காந்த வில்லையும் பூனை பொம்மையும் விற்கிறார்கள். சுற்றியுள்ள கரையெங்கும் அடுக்குமாடிகள் ஏறுகின்றன. யுனெஸ்கோ பலமுறை எச்சரித்திருக்கிறது.

மல்லிகைப்பந்தல்

நான் மாமியார் மாமனாரோடு போய்வந்தவள், அதனால் நிலாமுற்றத்துக்கு உபயோகமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம், ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். கடற்கரை ஊர் என்பதால் மெனு முழுக்க மீனும் கணவாயும்தான். "பிளித்வா" கேளுங்கள். ஒருவகைக் கீரையை உருளைக்கிழங்கு, பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு வேகவைத்துத் தருவது. மீனுக்குத் தொடுகறியாக வைத்திருப்பார்கள், தனியாக ஒரு தட்டு கேட்டாலும் தருவார்கள். என் மாமியார் தினமும் அதைத்தான் சாப்பிட்டார். "ப்ரிகானிட்சே" என்று பொரித்த மாவு உருண்டை, தேனும் சீஸும் தொட்டுக்கொள்ள. காலையில் சூடாகக் கிடைத்தால் விடாதீர்கள். பேக்கரிகளில் புரெக் என்ற அடுக்கு மாவுப் பண்டம் வாங்கும்போது மட்டும் "சீர்" என்று கேளுங்கள், சீஸ் வைத்தது. சும்மா புரெக் என்றால் இறைச்சிதான் வரும். மலைப்பக்கத்து "கச்சமாக்" என்ற களி எல்லா இடத்திலும் கிடைக்காது, கிடைத்தால் வயிறு நிறையும். கிரெம்பிதா என்ற கேக் இந்த ஊரில் பிரபலம், முட்டை உண்டு என்பதால் உங்கள் வீட்டு வழக்கத்தைப் பொறுத்து.

கடல் வாசலுக்கு வெளியே மதிலை ஒட்டியே காய்கறிச் சந்தை இருக்கிறது. காலையில் போங்கள். செப்டம்பரில் அத்தி, திராட்சை, மாதுளை எல்லாம் வந்திருக்கும். கறுப்பு உடை போட்ட ஒரு பாட்டி அத்திப்பழத்தைப் பிளந்து காட்டி, என் மாமியார் வாயிலேயே வைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவாக இல்லை. விலை மட்டும் விரலில் பேசினார்கள். எடை போட்ட பிறகு ஒரு கைப்பிடி கூடுதலாக அள்ளிப் போட்டார், நம்மூர்க் கொசுறு போலவே.

அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை. ஊருக்குள் தரை முழுக்கச் சுண்ணாம்புக் கல், காலங்காலமாக மிதிபட்டு வழவழ என்று இருக்கும். மழை பெய்தால் சறுக்கும். பிடிப்பான ரப்பர் அடி வைத்த ஷூ கட்டாயம்.

நிலாமுற்றம்

அக்கா, படிக்கும்போதே பசிக்கிறது. முட்டை கேக் அம்மா சாப்பிட மாட்டார், எனக்குச் சரி.

கோட்டைக்கு ஏறுவதைப் பற்றி யாராவது விவரமாகச் சொல்வீர்களா? நான் மட்டும் ஏறினால் அம்மாவை எங்கே உட்கார வைப்பது என்றும் யோசனை.

படியேறி

நான் சொல்கிறேன். மேலே வரை சுமார் 1,350 படி. மெதுவாக ஏறினால் ஒரு மணி நேரம். பாதை வளைந்து வளைந்து போகும். ஒரு ஓரம் படி, மறு ஓரம் கரடுமுரடான கற்சரிவு. சில படி உடைந்திருக்கும். கைப்பிடி எல்லா இடத்திலும் கிடையாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இறக்கம் நிச்சயம் கஷ்டம்.

ஆனால் "அம்மாவால் முடியாது" என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். பாதி வழிக்கும் குறைவான தூரத்தில் ஆரோக்கிய மாதா தேவாலயம் இருக்கிறது, 1518இல் கட்டியது. கொள்ளைநோயிலிருந்து பிழைத்தவர்கள் நன்றிக்கடனாக எழுப்பியது என்று சொல்வார்கள். அங்கிருந்தே செந்நிறக் கூரைகள், பேராலயக் கோபுரம், வளைகுடா எல்லாம் தெரியும். நிறையப் படங்கள் அங்கே எடுத்தவைதான். கைத்தடி வைத்துக்கொண்டு, நின்று நின்று ஏறினால் அதுவரை முடியலாம்.

நேரம் முக்கியம். மலை ஊருக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் வெயில் மலைமுதுகைத் தாண்டி வரத் தாமதமாகும். அதுவரை படிக்கட்டு முழுக்க நிழல். மதியத்துக்கு மேல் மேற்கு வெயில் பாறையில் அடித்து அனல் பறக்கும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இரவு தங்கினால்தான் விடியற்காலையில் ஏற முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கட்டணம் 15 யூரோ வாங்குகிறார்கள், சீசனுக்கு ஏற்ப மாறலாம். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஷ்குர்தா ஆற்றங்கரையிலிருந்து மலைக்குப் பின்பக்கமாகப் போகும் பழைய வணிகப் பாதை. கோட்டோர் ஏணி என்று பெயர். எழுபதுக்கு மேற்பட்ட கொண்டை வளைவுகள் கொண்ட மண்ணும் கல்லும் கலந்த பாதை, ஏறினால் 900 மீட்டருக்கு மேல் போய்விடும். சரிவு மென்மையாக இருப்பதால் படிக்கட்டைவிட முழங்காலுக்கு இதமாக இருக்கும். கட்டணமும் இல்லை. பாதி வழியில் கோட்டைக்குப் பின்னால் ஒரு பாழடைந்த தேவாலயமும் ஒரு வீடும் இருக்கும், அங்கே ஆட்டுப்பால் சீஸ் விற்பார்கள். அங்கிருந்து மதிலில் இருக்கும் ஒரு ஜன்னல் ஓட்டை வழியாகக் கோட்டைக்குள் நுழைந்துவிடலாம் என்று இணையத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள்.

ஊர்சுற்றி

அப்படியானால் 15 யூரோ எதற்கு? படி உடைந்து கிடக்கிறது, மேலே போனால் குப்பை, கழிப்பறை இல்லை. இரண்டு பேருக்கு 30 யூரோ. வசூலிக்கிற பணம் மதிலுக்குப் போவதாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கல்தச்சன்

பணம் எங்கே போகிறது என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்வியை விடாதீர்கள். ஆனால் ஜன்னல் வழி வேண்டாம். நான் பணத்துக்காகச் சொல்லவில்லை. அந்தத் திறப்பு சுவரின் பலவீனமான இடம். இரண்டு பக்கமும் சாந்து உதிர்ந்த கல். வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் அதன் விளிம்பைப் பிடித்துத் தொங்கி இறங்குகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை சாந்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பார்பரோசாவால் முடியாததை நாம் செய்துவிடக் கூடாது.

நிலநடுக்க நாட்டில் மலைச்சரிவில் நிற்கும் சுவரைப் பராமரிப்பது சாதாரண வேலை இல்லை. சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கினால் முதலில் வயிறு தள்ளும், பிறகு சரியும். இந்த வளைகுடாவுக்கு மேலே ஓர்யென் மலையில் இருக்கும் ஸிர்க்விட்சே என்ற இடத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 4,500 மி.மீ.க்கு மேல் மழை. ஐரோப்பாவில் அதிக மழை பெய்யும் இடங்களில் முன்னால் நிற்பது. கடல் காற்று நேரே வந்து மலையில் மோதுவதால் அப்படி. கோட்டோரில் அவ்வளவு இல்லை என்றாலும் நவம்பரில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும். குர்திச் ஊற்று பொங்கி, தெற்கு வாசலின் தூக்குப் பாலத்துக்குக் கீழே பச்சையாகச் சுழித்து ஓடும். சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழையெல்லாம் அங்கேதான் வெளியே வருகிறது. அத்தனை தண்ணீரையும் தாங்கிக்கொண்டுதான் சுவர் நிற்கிறது.

படியேறி

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ஏணிப் பாதையில் போகிறவர்கள் அந்தத் தேவாலயம் வரை போய், மதிலை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் சுவர் பாறையோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்றே தெரியும். எது மலை, எது மதில் என்று கண்ணுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது.

அந்த ஏணிப் பாதையைப் பற்றி ஒரு செய்தி. ஆஸ்திரியர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளைவுச் சாலை போடும் வரை, கடலுக்கும் மாண்டினீக்ரோவின் அன்றைய தலைநகர் செட்டின்யேவுக்கும் நடுவில் இதுதான் வழி. ஆட்சியாளர் நியேகோஷ் தன் மாளிகைக்கு வாங்கிய பில்லியர்ட்ஸ் மேசையைக் கூட ஆட்கள் இந்த மலைமேல் தூக்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். 1838இல் கட்டிய அந்த மாளிகைக்கே பில்யார்தா என்று பெயர் வந்துவிட்டது. ஏறும்போது முதுகில் ஒரு பையோடு மூச்சு வாங்கும் இடத்தில், பலகைக்கல் மேசையைச் சுமந்தவர்களை நினைத்தால் அந்தப் பாதையின் மேல் தனி மரியாதை வரும்.

கடற்பறவை

அம்மாவுக்கு மலைமேல் இருந்து பார்க்க வேண்டும் என்றால் வேறு வழியும் இருக்கிறது. 2023இல் லோவ்சென் மலைக்குக் கேபிள் கார் விட்டிருக்கிறார்கள். கீழ் நிலையம் தூப் என்ற இடத்தில், ஊரிலிருந்து சில கி.மீ. தள்ளி, டாக்ஸியில் போய்விடலாம். பதினொரு நிமிஷத்தில் ஏறக்குறைய 1,350 மீட்டர் உயரம். வளைகுடா முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். மேலே குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள்.

பெராஸ்ட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். கோட்டோரிலிருந்து 12 கி.மீ., உள்ளூர்ப் பேருந்து போகிறது. அங்கிருந்து சின்னப் படகில் சில நிமிஷத்தில் பாறை மாதா தீவு. மலை ஏற வேண்டாம், அம்மாவுக்கு ஏற்ற இடம். அது இயற்கைத் தீவு இல்லை. 1452 ஜூலை 22 அன்று கடலில் ஒரு பாறைமேல் மாதா படம் கிடைத்தது என்பது நம்பிக்கை. அன்றிலிருந்து மாலுமிகள் பயணம் முடிந்து திரும்பும்போதெல்லாம் அங்கே கல்லைப் போட்டு, கல் ஏற்றிய பழைய படகுகளை மூழ்கடித்து, தீவையே உண்டாக்கிவிட்டார்கள். இன்றும் ஆண்டுதோறும் அதே தேதியில் சூரியன் சாயும் நேரம் படகுகளை வரிசையாகக் கட்டி, கொண்டுபோய்க் கல் போடுகிறார்கள். கப்பல்காரர்கள் கட்டிய தீவு என்பதால் எனக்கு அந்த இடத்தின் மேல் தனிப் பாசம்.

உள்ளே ஒரு பூத்தையல் இருக்கும், கட்டாயம் காட்டச் சொல்லிப் பாருங்கள். யாசிந்தா குனிச் என்ற பெண் 25 ஆண்டு தைத்தது. தேவதைகளின் தலைமுடிக்குத் தன் சொந்த முடியையே வைத்துத் தைத்திருக்கிறார். தொடங்கும்போது முடி கறுப்பு, முடிக்கும்போது வெள்ளை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தையலும் அவ்வளவு நுணுக்கம், நூல் எது முடி எது என்று தெரியாது.

மல்லிகைப்பந்தல்

ஆமாம், என் மாமியார் அதன் முன்னாலிருந்து நகரவே மறுத்தார். அவரும் தையல்காரர்.

தங்கும் இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதிலுக்குள் தங்க ஆசையாக இருக்கும். ஆனால் உள்ளே வண்டி வராது, பெட்டியை வழவழ கல்லில் இழுத்துப்போக வேண்டும். பழைய வீடுகளில் லிஃப்ட் இல்லை, அறை மூன்றாவது மாடியில் இருக்கும். கோடையில் இரவு வரை மதுக்கூடச் சத்தம் சந்துக்குள் எதிரொலிக்கும். வயதானவர்களோடு போனால் தோப்ரோதா நல்லது. வடக்கு வாசலைத் தாண்டியதும் தொடங்கிவிடும், கடலை ஒட்டியே சமமான நடைபாதை. காலையில் ஊருக்குள் நடந்தே வரலாம். எதிர்க்கரையில் மூவோ என்ற ஊர் இருக்கிறது. சாயங்காலம் அங்கே போய்ப் பார்த்தால் மேற்கு வெயில் மதில் முழுக்க விழும். இருட்டியதும் விளக்குப் போட்டுவிடுவார்கள், மலைமேல் வளைந்து ஏறும் சுவர் தண்ணீரிலும் தெரியும்.

ஊர்சுற்றி

சரி, கப்பல் இல்லாத நாளில் ஒரு இரவு தங்கிப் பார்ப்பதில் தப்பில்லை என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. நான் லூக்கா தேவாலயத்தை வெளியே இருந்து பார்த்ததோடு சரி, இரண்டு பீடம் இருப்பதே யாரும் சொல்லவில்லை. கட்டண விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. வாங்குகிறவர்கள் கணக்கை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

கல்தச்சன்

அதில் உங்கள் பக்கம்தான் நானும்.

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். தையலைப் பார்க்க வேண்டும், பாட்டியிடம் அத்திப்பழம் வாங்க வேண்டும் என்கிறார். கப்பல் அட்டவணையைப் பார்த்துத் தோப்ரோதாவில் இரண்டு இரவு போட்டுவிட்டேன். பலமுறை நுழைவு கேட்டுத்தான் விசாவுக்குக் கொடுக்கப் போகிறேன். விடியற்காலை ஆரோக்கிய மாதா வரை சேர்ந்து ஏறுவோம். அதற்கு மேல் நான் தனியாகப் போகும் நேரத்தில் அம்மா அங்கேயே உட்கார்ந்திருக்கலாமா? பேருந்து எங்கே நிற்கும் என்றும் சொல்லுங்கள்.

படியேறி

தாராளமாக உட்காரலாம் அக்கா. தேவாலயத்தின் முன்னால் கல் திட்டு இருக்கிறது, காலையில் நிழல். ஏறுகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்றுதான் போவார்கள், துணைக்கு ஆள் இருக்கும். நீங்கள் மேலே போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தண்ணீரும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் அம்மா கையில் இருக்கட்டும். இறங்கும்போது கற்சரிவில் கால் வைக்காமல் படி ஓரமாகவே கூட்டிவாருங்கள்.

பேருந்து நிலையம் மதிலுக்குத் தெற்கே, குர்திச் வாசல் பக்கம். நடந்து ஐந்து பத்து நிமிஷம். தோப்ரோதா நேர் எதிர்த் திசையில் இருப்பதால் பெட்டியோடு நடக்க வேண்டாம், நிலையத்திலேயே டாக்ஸி எடுத்துவிடுங்கள். ஏறும் முன் விலை பேசிவிடுங்கள். டுப்ரோவ்னிக்குக்குத் திரும்பும் பேருந்துக்கு முதல் நாளே சீட்டு வாங்கிவிடுங்கள், எல்லையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாததால் அன்றைக்கு விமானம் எதுவும் வைக்க வேண்டாம்.